குமுளிச் சாலையின் இரு பக்கமும்: எல்லோர் கையிலும் காமிரா வந்தபின் ஊடகம் என்னவாயிற்று?

குமுளி வாசகன் எழுதியது:

யூடியூபில் ஏற்றப்பட்ட முதல் காணொளிக்கு 19 விநாடிதான் நீளம். 2005 ஏப்ரல் 23 அன்று ஏறிய அந்தக் காணொளியில், அத்தளத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஜாவேத் கரீம், அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக் காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று, இவற்றின் தும்பிக்கை மிகவும் நீளம் என்று சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறார். மறு ஆண்டு அக்டோபரில் கூகுள் நிறுவனம் அத்தளத்தை 165 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த ஆண்டு முடிவில் டைம் இதழ் ‘ஆண்டின் மனிதர்’ என்று எந்தத் தலைவரையும் தேர்ந்தெடுக்காமல், இணையத்தில் எழுதியும் படம் ஏற்றியும் வந்த பொதுமக்களையே தேர்ந்தெடுத்தது. அன்று தொடங்கிய ‘இனி எல்லோரும் ஊடகம்தான்’ என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அது தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் நம் பகுதிக்கு எந்த அளவு பொருந்துகிறது என்று பேசுவதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கேரளத்தில் இருந்துகொண்டு தமிழ்நாட்டுக்கு நீர் தரும் முல்லைப்பெரியாறு அணைப் பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். ஒரே சண்டையை இரண்டு ஊடகக் காலங்களில் பார்த்தவர்கள் நாம். 2011 டிசம்பரில் குமுளி–கம்பம் சாலை நாள்கணக்கில் அடைபட்டுக் கிடந்தபோது, சாலையின் இந்தப் பக்கம் நடப்பதை அந்தப் பக்கத்தார் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள். சென்னை அலைவரிசைகளில் தமிழர்கள் தாக்கப்பட்ட செய்தியும், மலையாள அலைவரிசைகளில் அணை உடைந்தால் எந்தெந்த ஊர் மூழ்கும் என்ற வரைபடமும் மாறி மாறி ஓடின. உடும்பன்சோலைத் தோட்டங்களிலிருந்து மலைப்பாதை வழியாகத் தேனி மாவட்டத்துக்கு இறங்கிவந்த தொழிலாளர்களிடம் படம் எடுக்கும் கைப்பேசி அநேகமாக இல்லை. இருந்திருந்தாலும் அதை ஏற்றுவதற்கு இணையம் இல்லை. வதந்தி குறுஞ்செய்தியாகத்தான் பரவியது. ஒருவர் ஒரு நாளில் 200 குறுஞ்செய்திக்கு மேல் அனுப்பக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டுப்பாடு வைத்திருந்த சமயம் அது. ஆகவே வதந்தியும் ரேஷனில்தான் கிடைத்தது.

2021 அக்டோபரில் அதே அணை மறுபடி பேச்சுக்கு வந்தபோது நிலைமை தலைகீழாக இருந்தது. அணையை நீக்க வேண்டும் என்ற ஹேஷ்டேக் மலையாளிகளிடையே பரவியது. நடிகர் பிருத்விராஜ் அதை ஆதரித்துப் பதிவிட்டதும் தேனியில் அவருடைய கொடும்பாவியை எரித்தார்கள். அணையைப் பற்றி வீண் பீதி கிளப்புவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று முதல்வர் பினராயி விஜயனே சட்டமன்றத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. இம்முறை சாலை அடைபடவில்லை, கடைகளும் திறந்தேதான் இருந்தன. ஆனால் எங்கள் தெருவில் ஒரே சுவரை ஒட்டி வாழும் இரண்டு வீட்டுக்காரர்களின் கைப்பேசிகளில் இரண்டு வெவ்வேறு அணைகள் இருந்தன. நான் பார்த்தவை எல்லாம் தமிழில் கொதித்தன. பக்கத்து வீட்டுச் சேட்டன் பார்த்தவை எல்லாம் மலையாளத்தில் நடுங்கின. முன்பு சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இருந்த ஆசிரியர்கள் எதைக் காட்டுவது என்று முடிவு செய்தார்கள். இப்போது மொழியையும் முந்தைய சொடுக்குகளையும் வைத்து அல்காரிதம் என்ற கணினிக் கணக்கு முடிவு செய்கிறது. படம் எடுக்கும் உரிமை நம்மிடம் வந்துவிட்டது, வரிசைப்படுத்தும் உரிமை வரவில்லை என்பது என் கருத்து. மற்றவர்கள் சொல்லுங்கள்.


கம்பம் கேபிள்காரர் எழுதியது:

தம்பி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை என்பதுபோல் எழுதிவிட்டதால் மீதிப் பாதியை மறுக்கிறேன். யூடியூப் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே நம் பள்ளத்தாக்கில் ஊர்க்காரன் எடுத்து ஊர்க்காரன் பார்க்கும் காணொளி இருந்தது, அதற்குப் பெயர் லோக்கல் சேனல். கேபிள் ஆபரேட்டர் வைத்திருந்த ஒரு வி.எச்.எஸ். காமிரா, கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு பையன், பழைய டெக் ஒன்று, இவ்வளவுதான் நிலையம். பள்ளி ஆண்டுவிழா, வீரபாண்டித் திருவிழா, கபடிப் போட்டி, சில சமயம் சாவு ஊர்வலம்கூட அதில் ஓடியிருக்கின்றன.

சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாநில அதிகாரிகளும் சேர்ந்து ஏற்பாடு செய்யும் அந்த ஒரு நாளில் குமுளி வழியாக ஜீப்பிலும், பளியங்குடி வழியாகக் கால்நடையாகவும் ஜனம் ஏறும். நானும் காமிராவைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறேன். பேட்டரி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதனால் எதை எடுப்பது, எதை விடுவது என்று மலையேறும்போதே மனத்துக்குள் முடிவு செய்துகொள்ள வேண்டும். மறுநாள் மாலை ஒளிபரப்பாகும். அதற்கு மறுநாள் காலையில் டீக்கடையில் எனக்கு விசாரணை நடக்கும்: எங்கள் தெருப் பொங்கல் பானையை ஏன் காட்டவில்லை, அந்த அதிகாரியின் முகத்தை எதற்கு இவ்வளவு நேரம் காட்டினாய், கேரள போலீஸ் தள்ளியதைக் காட்டினாயே, நம் போலீஸ் தள்ளியதை ஏன் விட்டாய் என்றெல்லாம் கேட்பார்கள். நான் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதச் சந்தா வராது.

இப்போது அதே மலையில் கைப்பேசி இல்லாத கையே இல்லை. சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு இறங்கியவுடன் எல்லாம் ஏறிவிடுகிறது. படத்தின் தரத்தைச் சொன்னால் என் நாடாக்கள் பக்கத்தில்கூட வர முடியாது, அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் போன ஆண்டு எடுத்த தள்ளுமுள்ளை இந்த ஆண்டு நடந்ததாக யாராவது போட்டால், அவரை எந்த டீக்கடையில் வைத்துக் கேட்பது? மாறியது காமிரா அல்ல, கேள்வி கேட்கும் இடம் என்றுதான் நான் நினைக்கிறேன்.


லோயர்கேம்ப் சேனல் எழுதியது:

கேபிள் அண்ணனுக்கு வணக்கம். நான் நம் பக்கத்து இடங்களைக் காட்டும் ஒரு சிறிய யூடியூப் சேனல் நடத்துகிறேன். எல்லோரும் கணக்கு, கணக்கு என்று திட்டுகிறீர்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று உள்ளே இருப்பவன் என்ற முறையில் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

2012 வரை ஒரு காணொளியை எத்தனை பேர் திறந்தார்கள் என்பதுதான் யூடியூபுக்கு முக்கியம். அந்த ஆண்டில், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை அளவுகோலாக மாற்றினார்கள். சுருளி அருவியைக் காட்டுவதற்கு முன்பு ஒருவர் ஐந்து நிமிடம் தன் வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு மூலகாரணம் அதுதான். அவருக்கு வேறு வேலை இல்லை என்று நினைக்காதீர்கள். 2018 தொடக்கத்திலிருந்து, 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் இருந்தால்தான் விளம்பர வருமானத்தில் பங்கு என்று விதித்தார்கள். அதைத் தாண்டினால் நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு எடுத்தவருக்கு வரும். ஆனால் மொத்த விளம்பர வருவாய் எவ்வளவு என்பது பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், விளம்பரதாரர் எந்த மொழிக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. தமிழில் பத்தாயிரம் பேர் பார்த்து வருவதும் ஆங்கிலத்தில் பத்தாயிரம் பேர் பார்த்து வருவதும் ஒன்றல்ல.

இனி ஒரு உதாரணம் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். தேக்கடி ஏரியில் பட்ட மரங்கள் தண்ணீருக்குள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1895இல் முல்லைப்பெரியாறு அணை கட்டி முடித்ததில் மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. நீர்மட்டம் ஏற ஏற அந்த மரங்கள் குட்டையாகத் தெரியும். மழைக்காலத்தில் ஒரே காட்சியை எடுத்து, தமிழில் ஒன்றும் மலையாளத்தில் ஒன்றுமாகக் குரல் கொடுத்து இரண்டு காணொளிகள் போடுவேன். தமிழுக்கான தம்ப்நெயிலில் (காணொளியின் முகப்புப் படத்தில்) ‘142 அடியை எட்டுமா?’ என்று எழுதினால் ஓடும். உச்ச நீதிமன்றம் 2014இல் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்ததிலிருந்து அந்த எண்ணைப் பார்த்தாலே நம் விவசாயிக்கு மனம் குளிர்கிறது. அதே எண்ணை மலையாளத் தம்ப்நெயிலில் போட்டால் அது அபாய அறிவிப்பாகிவிடுகிறது. மரங்களும் தண்ணீரும் எடுத்தவனும் ஒன்றுதான். வரிசைப்படுத்தும் உரிமை நம்மிடம் இல்லை என்று குமுளி அண்ணன் சொல்கிறார். தலைப்பு வைக்கும் உரிமை நம்மிடம் இருக்கிறதே, அதை என்ன செய்கிறோம் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் வயலோரம் அடுப்பு மூட்டிச் சமைத்த குடும்பம்தான் 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ்ச் சேனலை நடத்தியது. ஒரு தாத்தாவும் பேரன்களும் சேர்ந்து குழம்பு வைப்பதை வாரம்தோறும் ஒளிபரப்பச் சம்மதித்திருக்கும் சென்னைத் தொலைக்காட்சி எது?


மூணாறு டீச்சர் எழுதியது:

குமுளி வாசகனும் லோயர்கேம்ப் தம்பியும், காமிராவும் சிக்னலும் எல்லோரிடமும் இருக்கின்றன என்ற இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். தோட்டப் பகுதியில் இருக்கும் எனக்கு அந்தத் தொடக்கமே சந்தேகமாக இருக்கிறது. இரண்டு நிகழ்ச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, 2015 செப்டம்பரில் மூணாறில் நடந்த பெண் தொழிலாளர் போராட்டம். 20 விழுக்காடு போனஸ் வேண்டும், 232 ரூபாயாக இருந்த நாள்கூலியை 500 ஆக்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் அமர்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் பக்கத்தில் வந்தால் விரட்டினார்கள். பிற்பாடு ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் பெற்ற அந்தக் கூட்டம் போனஸ் கோரிக்கையில் வென்றது. கூலி 301 ரூபாய்க்கு உயர்ந்தது. அன்று அந்தப் பெண்களின் பேச்சைக் கேரளம் முழுவதும் கேட்டதற்கு முக்கியக் காரணம் பேஸ்புக் அல்ல, மலையாளத் தொலைக்காட்சிகளின் நேரலை. நேரலை என்பதால்தான் இடையில் புகுந்து வெட்ட எவராலும் முடியவில்லை. தமிழும் மலையாளமும் கலந்து அவர்கள் பேசியது அப்படியே போயிற்று. ஆகவே பழைய ஊடகம் எப்போதும் நம்மை மறைத்தது, புதிய ஊடகம்தான் காட்டியது என்ற கதை முழு உண்மையல்ல.

இரண்டாவது, பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்கு அப்பால் தொழிலாளர் லயங்களின் (வரிசை வீடுகளின்) மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய குடும்பங்கள் அவர்களில் பல. மின்சாரம் இல்லை, கைப்பேசித் தொடர்பு இல்லை. விடிந்த பிறகு, தப்பியவர்கள் நடந்து வந்து சொல்லித்தான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. மறுநாள் இரவு கரிப்பூரில் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். சில நிமிடங்களில் அந்தக் காட்சி எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் வந்துவிட்டது. இரண்டும் பெருந்துயரம்தான், நான் எடை போடவில்லை. ஆனால் விமான விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு பத்து லட்சம் என்றும் பெட்டிமுடிக்கு ஐந்து லட்சம் என்றும் அறிவித்தது. முதல்வர் மறுநாளே கரிப்பூருக்குச் சென்றார். பெட்டிமுடிக்கு வர ஆகஸ்ட் 13 ஆயிற்று. மழையும் சாலையும் காரணமாகச் சொல்லப்பட்டன. படம் இல்லாததும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எல்லோரும் படம் எடுக்கும் காலத்தில் படம் இல்லாத சாவு முன்பைவிடச் சிறியதாகிவிடுகிறது.

இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லிச் சண்டையிட்டதும் சமூக ஊடகம்தான் என்பதை மறைக்கவில்லை. கயத்தாறிலும் மூணாறிலும் இருந்த இளைஞர்கள் இரண்டு தொகைகளையும் ஒன்றாகப் போட்டுப் பகிர்ந்ததில்தான் அந்தக் கேள்வி செய்தி ஆயிற்று.


வண்டன்மேடு ஏலம் எழுதியது:

எல்லாம் பெரிய பெரிய விஷயமாக இருக்கிறது. நான் சின்ன விஷயம் ஒன்று சொல்கிறேன். புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏலத்தின் விலை, முன்பு சின்ன விவசாயிக்கு மறுநாள் செய்தித்தாளில் வரும், அல்லது வியாபாரி மனம் வைத்துச் சொன்னால் உண்டு. வியாபாரி சொல்லும் விலையில் அவர் லாபம் கழிந்திருக்கும். இப்போது ஏலம் முடிவதற்குள் குழுக்களில் உச்ச விலை, சராசரி விலை, எத்தனை கிலோ விற்றது எல்லாம் வந்துவிடுகிறது. எங்கள் ஊடகப் புரட்சி இதுதான். 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போன அன்று, எங்கள் பகுதியில் அந்த எண்ணை ஸ்டேட்டஸில் வைக்காதவரைப் பார்க்க முடியவில்லை.

ஆனால் உடனே ‘பத்தாயிரத்தைத் தொடும்’ என்று ஆருடம் சொல்லும் காணொளிகளும் கிளம்பிவிட்டன. அதைக் கேட்டுச் சரக்கை இருப்பு வைத்தவர்கள், பின்னர் விலை சரிந்தபோது என்ன ஆனார்கள் என்று அந்தக் காணொளிக்காரர்கள் திரும்பி வந்து பார்க்கவில்லை. கேபிள் அண்ணன் சொன்ன டீக்கடை இங்கேதான் தேவைப்படுகிறது.


குமுளி வாசகன் எழுதியது:

டீச்சர் எழுதிய பெட்டிமுடிப் பகுதியைப் படித்தபின் என் முதல் பதிவோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வரிசையில் எங்கே வைப்பது என்பது இரண்டாவது கேள்வி. வரிசைக்குள் வருகிறோமா என்பதே முதல் கேள்வி. தொலைக்காட்சிக் காலத்தில் மூணாறுக்கு ஒளிபரப்பு வண்டி வந்தால்தான் செய்தி; இன்று கைப்பேசிக் கோபுரம் இருந்தால்தான் செய்தி. தோட்டத்துக்கு வெளியே யாரோ முடிவு செய்யும் ஒன்றைச் சார்ந்திருக்கும் நிலை மட்டும் அப்படியே தொடர்கிறது.

லோயர்கேம்ப் தம்பி, உங்கள் இரண்டு தம்ப்நெயில் கதை எனக்குப் பிடித்தது. அதற்காக உங்களை விட்டுவிடப் போவதில்லை. இரண்டு காணொளிக்கும் ஒரே தலைப்பு வைத்தால் என்ன? நீர்மட்டம் இத்தனை அடி, தேதி இது என்று இரண்டு மொழியிலும் போடுங்கள்.


லோயர்கேம்ப் சேனல் எழுதியது:

வைத்துப் பார்த்திருக்கிறேன் அண்ணே. இரண்டும் ஓடவில்லை. அந்த வாரம் அதே ஏரியில் வேறொருவர் எடுத்த காணொளி, முகத்தில் கைவைத்துக் கதறும் ஒரு படத்தோடு வந்து என்னுடையதைத் தாண்டிப் போனது. தேதியும் அடியும் மட்டும் போட்டால் எனக்குச் சம்மதம், ஆனால் அதைப் பார்ப்பவர்கள் விவசாயிகளும் பொதுப்பணித்துறைக்காரர்களும் மட்டுந்தான் இருப்பார்கள்.


வண்டன்மேடு ஏலம் எழுதியது:

அவர்கள் பார்த்தால் போதாதா?


மூணாறு டீச்சர் எழுதியது:

இன்னொன்றும் இங்கே பேசப்படவில்லை. பெட்டிமுடிக்கு ஐந்து வாரம் முன்பு, 2020 ஜூன் 29 அன்று, மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. ஓராண்டுக்கு முன்பே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதைத் தரவிறக்கத் தடை விதித்து, பிறகு நீக்கியிருந்தது. தடைக்கான காரணங்களைப் பற்றி நான் வாதாட வரவில்லை. எங்கள் லயங்களில் யூடியூபில் சேனல் தொடங்கத் துணியாத பெண்களும் பிள்ளைகளும் அந்தச் செயலியில் ஆடினார்கள், பாடினார்கள், கொழுந்துக் கூடையோடு வசனம் பேசினார்கள். பதினைந்து விநாடிக்குத் தம்ப்நெயிலும் வேண்டாம், முன்னுரையும் வேண்டாம். ஒரே இரவில் அவை எல்லாம் போய்விட்டன. பிறகு வந்த இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் சிலர் மறுபடி தொடங்கினார்கள், பலர் தொடங்கவில்லை. தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள் தங்களைத் தாங்களே எடுத்துக்கொண்ட அவ்வளவு காட்சிகள் அதற்கு முன் எந்த ஊடகத்திலும் இருந்ததில்லை. அவற்றுக்கு இன்று பிரதி இல்லை. கேபிள் அண்ணே, உங்கள் நாடாக்களாவது இருக்கின்றனவா?


கம்பம் கேபிள்காரர் எழுதியது:

கொஞ்சம் இருக்கின்றன டீச்சர். பல நாடாக்களின் மேலேயே மறுபடி பதிவு செய்துவிட்டோம். புது நாடா வாங்கக் காசு கணக்குப் பார்த்த காலம். மிச்சம் இருப்பவற்றில் பூஞ்சை பிடித்திருக்கிறது, ஓடும் டெக்கும் கிடைப்பது அரிது. கண்ணகி கோயில் நாடாக்கள் சிலவும், 2011இல் லோயர்கேம்ப் பக்கம் கூட்டம் திரண்ட நாளின் ஒரு நாடாவும் நல்ல நிலையில் இருக்கின்றன. தம்பி தன் சேனலில் ஏற்றுவதானால் தருகிறேன். ஆனால் கோயில் நாடா முழுவதும் பின்னணியில் ஒலிபெருக்கிச் சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு யூடியூப் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது.


லோயர்கேம்ப் சேனல் எழுதியது:

ஏற்றியவுடனே சொல்லிவிடும் அண்ணே. கன்டென்ட் ஐடி என்ற ஏற்பாடு 2007இலிருந்து இருக்கிறது. இசை நிறுவனங்கள் கொடுத்துவைத்திருக்கும் பாடல்களோடு நம் ஒலியை ஒப்பிட்டு, ஒத்துப்போனால் உரிமை கோரும். பெரும்பாலும் காணொளி நிற்கும், விளம்பர வருவாய் பாட்டின் உரிமையாளருக்குப் போகும். சில பாட்டுக்கு ஒலியை அணைத்துவிடுவார்கள், சிலதைக் காட்டவே விடமாட்டார்கள். வருவாய் போவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஒலி போனால்தான் கஷ்டம், ஏனெனில் பாட்டுக்கு நடுவில் ஜனம் பேசுவதும் அதோடு போய்விடும். ஆகவே முதலில் கணினியில் பிரதி எடுத்து, வெட்டாமல் இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்துவிடுவோம். ஒன்று உங்களிடம், ஒன்று டீச்சர் பள்ளியில். பிறகு பாட்டு இல்லாத பகுதிகளை மட்டும் ஏற்றுகிறேன். 2011 நாடாவை ஏற்றுவதா என்பதைப் பற்றி இங்கேயே எல்லோரும் சொல்லுங்கள். அதற்குத் தமிழில் ஒரு தலைப்பு, மலையாளத்தில் ஒரு தலைப்பு என்று நான் வைக்கப் போவதில்லை.


குமுளி வாசகன் எழுதியது:

2011 நாடாவை ஏற்றுவதற்கு என் வாக்கு இப்போதைக்கு இல்லை. அணை பற்றிய பேச்சு சூடாக இருக்கும் ஒரு மழைக்காலத்தில் அதிலிருந்து இருபது விநாடியை வெட்டி ‘இன்று எல்லையில்’ என்று போட ஒருவருக்கு அரை நிமிடம் போதும். பிரதி எடுத்து வைப்பதில் மறுப்பில்லை. கண்ணகி கோயில் நாடாக்களை ஏற்றுங்கள். ஆண்டு திரையிலேயே தெரியும்படி எழுதிவிடுங்கள், தலைப்பில் மட்டும் இருந்தால் ஃபார்வர்டில் அது போய்விடும்.